முதல் பத்து நிமிடத்துக்குச் சொந்தக்காரர்கள்

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் தீப்பிடித்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் கணிசமானவர்கள் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்லர். முதல் வெடிச் சத்தத்தைக் கேட்டு, புகையைப் பார்த்து, உள்ளே மாட்டியவர்களைத் தூக்குவதற்கும் என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்கும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். அவர்கள் கிட்டே போய் நின்ற நேரத்தில்தான் மருந்து இருந்த மற்ற அறைகள் வெடித்தன.

இது சிவகாசிக்கு மட்டும் வாய்த்த விதி அல்ல. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டைக்கின்' என்ற கப்பலில் பஞ்சுப் பொதிகள் புகைந்தன. அதே கப்பலில் வெடிமருந்தும் ஏற்றப்பட்டிருந்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் மாண்டார்கள். அந்த நாளைத்தான் நாம் தீயணைப்புப் பணி நாளாக ஆண்டுதோறும் கடைப்பிடிக்கிறோம். மூன்று ஆண்டு கழித்து, 1947 ஏப்ரல் 16 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் உரம் ஏற்றிய கப்பல் எரிந்தது. ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையில் 28 பேர். ஒருவர் தவிர அத்தனை பேரையும் அந்த வெடிப்பு கொண்டுபோயிற்று. 2013 ஏப்ரல் 17 அன்று அதே மாநிலத்தில் வெஸ்ட் என்ற சிற்றூரின் உரக்கிடங்கு வெடித்தபோது இறந்த 15 பேரில் 12 பேர் உதவிக்கு ஓடியவர்கள், பெரும்பாலும் தன்னார்வலர்கள். இரண்டு விபத்துக்கும் நடுவே 66 ஆண்டுகள். அதே ரசாயனம், அதே மாநிலம்.

தன்னார்வ மீட்பாளர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டால், பயிற்சிக் கையேடுகள் நூற்றுக்கணக்கான பக்கங்களில் பதில் சொல்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: தெரிய வேண்டியது அதிகமில்லை. அதில் பாதி, செய்யாமல் இருக்க வேண்டியவற்றின் பட்டியல். மீதிப் பாதியைக் கையால் பழகாமல் புத்தகத்தில் படித்தவர்களுக்கு உண்மையான நேரத்தில் அது வருவதில்லை. நம் ஊர்ப் பயிற்சிகள் இந்த இரண்டையுமே சரியாகப் பிடித்துக்கொள்ளவில்லை.

முதலில், தன்னார்வலர்கள் எதற்கு? தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. தீயணைப்பு நிலையங்களும் இருக்கின்றன. ஆனால் உடலுக்கும் தீக்கும் தனிக் கடிகாரம் உண்டு. இதயம் நின்றுவிட்டால் நாலைந்து நிமிடத்தில் மூளை சேதமடையத் தொடங்கும். தொடையின் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களே மிச்சம். சோபாவும் பஞ்சு மெத்தையும் பிளாஸ்டிக் சாமான்களும் நிறைந்த ஓர் அறை மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் முழுக்கப் பற்றிக்கொள்ளக்கூடும். எவ்வளவு வேகமாக வந்தாலும் எந்த வண்டியும் இந்தக் கணக்கை ஜெயிக்காது. அந்த இடைவெளியில் அங்கே இருக்கப்போவது டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், நூறு நாள் வேலைக்கு வந்த அக்கா, பக்கத்து வீட்டுப் பையன். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேற்றக் குழுவைக் காட்டுத்தீ சூழ்ந்தபோதும் முதலில் மேலே ஏறியவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான்.

காப்பாற்றப் போய் மாட்டுவது

பேரிடர்ப் பயிற்சியில் முதல் பாடம் எல்லா நாட்டிலும் ஒன்றே: இடம் பாதுகாப்பானதா என்று பார். எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் இந்த ஒரு வரியைத்தான் விரிவாகச் சொல்லித்தர வேண்டும். ஏனெனில் ஆபத்து பார்வைக்குத் தெரிவதில்லை.

பாழுங்கிணறும் கழிவுநீர்த் தொட்டியும் இதற்கு மிக மோசமான உதாரணங்கள். செய்தித்தாளில் 'விஷவாயு தாக்கி மூவர் பலி' என்று வருகிற ஒவ்வொரு முறையும் உள்ளே நடந்தது கிட்டத்தட்ட ஒரே கதை. முதலில் இறங்கியவர் மயங்கி விழுகிறார். தம்பியோ மகனோ உடன் வேலை செய்தவரோ பதறி இறங்குகிறார். அவரும் விழுகிறார். மூன்றாவது ஆள் இறங்குகிறார். 1986-இல் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட எச்சரிக்கை ஒன்று, அடைபட்ட இடங்களில் நிகழும் சாவுகளில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்றது. நம் நாட்டில் இப்படித் தனியாக எண்ணிப் பார்க்கும் பழக்கமே வரவில்லை.

தொட்டியில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று பலருக்கும் தெரியும். அளவு கூடும்போது அதே வாயு மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும் என்பது தெரியாது. நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கிற நொடிதான் மிக ஆபத்தான நொடி. கிணறு வெட்டுகிறவர்கள் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். பிராணவாயு குறைந்திருந்தால் விளக்கு அணையும், அது சரிதான். ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் விளக்கு அணையாமல் எரியும். மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே வெடிக்குத் திரியாகிவிடும். கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்வதால் ஒரு பயனும் இல்லை. மூச்சுக்கருவியும் இடுப்புக் கயிறும் மேலே பிடித்திழுக்க ஆளும் இல்லாத தன்னார்வலர் அந்த வாயிலுக்குள் தலையை நீட்டக் கூடாது. வெளியிலிருந்து காற்றை உள்ளே செலுத்தலாம், கயிறு வீசலாம், 101-ஐ அழைக்கலாம், அடுத்தவர் இறங்காமல் பிடித்து நிறுத்தலாம். அழுகிற அண்ணனை நாலு பேர் சேர்ந்து பிடித்து வைத்திருப்பதும் மீட்புப் பணிதான்.

மின்சாரம் இன்னொன்று. 'காய்ந்த கட்டையால் தள்ளிவிடு' என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வீட்டுக்குள் 230 வோல்ட்டுக்கு அது பொருந்தும், அதுவும் மெயினை அணைக்க வழியில்லாதபோது. மழைநாளில் தெருவில் அறுந்து கிடப்பது 11,000 வோல்ட் கம்பியாக இருக்கலாம். அதற்குக் கட்டையும் ஒன்றுதான், கையும் ஒன்றுதான். அப்படிப்பட்ட கம்பி தொட்டிருக்கும் ஈரத்தரையிலேயே மின்னழுத்தம் பரவியிருக்கும். ஓர் அடி எடுத்து வைத்தால் இரண்டு காலுக்கும் நடுவே மின்சாரம் பாயும். குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நிற்பது, ஏற்கெனவே கிட்டே வந்துவிட்டால் இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்துச் சிறிது சிறிதாக நகர்ந்து விலகுவது, மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-ஐ அழைப்பது. கன்றுக்குட்டியைக் காப்பாற்றப் போய் மாண்ட விவசாயிகளின் கதை ஒவ்வொரு ஐப்பசியிலும் வருகிறது.

தண்ணீரில் விதி வேறு மாதிரிச் சொல்லப்படும்: எட்டிக் கொடு, வீசிக் கொடு, படகில் போ, நீந்திப் போவது கடைசி. மூழ்குகிறவர் கையில் கிடைத்ததைப் பிடித்து ஏற முயல்வார். நல்ல நீச்சல்காரரையும் அமுக்கிவிடுவார். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நான்கு இளைஞர்கள் மூழ்கத் தொடங்கினார்கள். அங்கிருந்த மூன்று பெண்கள் தாங்கள் கட்டியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசி இருவரைக் கரை சேர்த்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அரசு அந்தப் பெண்களுக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. துணிச்சலுக்கான விருது அது. எனக்கோ அதில் துணிச்சலைவிட அவர்களுடைய முறைதான் பெரிதாகத் தெரிகிறது. சர்வதேசப் பயிற்சிக் கையேடுகள் சொல்வதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்தார்கள்.

தீ: எதைத் தொடலாம், எதை விடலாம்

தீ எரிய மூன்று வேண்டும்: எரிபொருள், வெப்பம், பிராணவாயு. ஒன்றை எடுத்துவிட்டால் அணையும். பள்ளிப் பாடத்தில் இது உண்டு. ஆனால் எந்தத் தீக்கு எதை எடுப்பது என்பதில்தான் ஆள் சாகிறார். வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெய்க்கு அடியில் போகும் தண்ணீர் நொடியில் ஆவியாகிறது. ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிகிறது. கொதிக்கும் எண்ணெயை அறை முழுக்க வாரியடிக்கிறது. அடுப்பை அணைத்து, தட்டையோ மூடியையோ பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடினால் போதும். மூடியதை ஆர்வத்தில் திறந்து பார்ப்பவர்கள் உண்டு. ஆறும்வரை திறக்கக் கூடாது.

சமையல் எரிவாயுதான் நம் வீடுகளில் அதிகம் பயமுறுத்துவது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து கட்டிலுக்கு அடியிலும் சாக்கடைக் குழியிலும் தேங்கும். காற்றில் சுமார் 2 முதல் 9 சதவீதம் கலந்திருந்தாலே வெடிக்கும். நாற்றம் வந்ததும் எக்ஸாஸ்ட் விசிறியைப் போடுவதுதான் பெரும்பாலோரின் முதல் வேலை. அந்த ஸ்விட்சில் தெறிக்கும் சிறு பொறி போதும். எரியும் விளக்கை அணைப்பதற்காகக்கூட ஸ்விட்சைத் தொடக் கூடாது. ரெகுலேட்டரை மூடி, சிலிண்டரோடு நூலில் கட்டித் தொங்கும் பாதுகாப்பு மூடியைப் போட்டு, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்த பிறகு 1906-ஐ அழைக்கலாம். மெயினை அணைக்க வேண்டுமானால் அது வீட்டுக்கு வெளியே இருந்தால் மட்டும்.

சிலிண்டர் வாயிலேயே சுடர் எரிந்தால்? தீயணைப்புத் துறையினர் பள்ளிகளில் செய்து காட்டும் வித்தை இது: நன்றாக நனைத்த சாக்கை அல்லது கனத்த துணியை மேலிருந்து போர்த்தி, சுடரை அமுக்கி, உடனே ரெகுலேட்டரை மூடுவது. பார்க்க எளிதாக இருக்கும். இதில் சொல்லாமல் விடப்படும் நிபந்தனை ஒன்று உண்டு. வாயை மூட முடியாது என்றால் சுடரை அணைக்கவே கூடாது. எரியும் வாயு கண்ணுக்குத் தெரிகிறது. அணைத்த பிறகு கசியும் வாயு தெரிவதில்லை, அடுத்த அறையில் போய்ப் பற்றும். அப்படிப்பட்ட நேரத்தில் எரியவிட்டு, தூரத்திலிருந்து சிலிண்டர் உடம்பின் மேல் தண்ணீர் பீய்ச்சி அதைக் குளிர வைப்பதே வழி. சிலிண்டர் பக்கவாட்டுத் தீயில் வெந்துகொண்டிருக்கிறது என்றால் தன்னார்வலருக்கு அங்கே வேலை இல்லை. தெருவைக் காலி செய்வது மட்டுமே வேலை.

கடைகளிலும் மண்டபங்களிலும் சிவப்பாகத் தொங்கும் தீயணைப்பானை எடுத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலர். ஊசியைப் பிடுங்கு, சுடரின் உச்சியை விட்டுவிட்டு அடிப்பாகத்தைக் குறிபார், பிடியை அழுத்து, இடமும் வலமுமாக வீசு. இவ்வளவுதான். சிறிய உலர்பொடி அணைப்பான் பத்துப் பதினைந்து நொடியில் தீர்ந்துவிடும். ஆகவே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்: ஒரு அணைப்பானில் அடங்காத தீ, உங்களுடைய தீ இல்லை. வெளியேறும் வழி எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், தீக்குப் பின்னால் இருக்கக் கூடாது. மணி மருந்து, அலுமினியத் தூள் இருக்கும் பட்டாசு அறைக்கு இந்தக் கணக்கும் கிடையாது. அங்கே விலகி ஓடுவதும் மற்றவரை விலக்குவதும்தான்.

தீயைவிடப் புகை அதிகம் கொல்லும். 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்தபோது தந்தையும் மகளும் மூச்சுத் திணறியே இறந்தார்கள். புகை நிறைந்த அறையில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில்தான் கொஞ்சம் காற்று மிஞ்சும். தவழ்ந்துதான் வெளியேற வேண்டும். பாதுகாப்பு உடையில்லாமல் அந்த அறைக்குள் திரும்பப் போகிறவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. ஆடையில் தீப்பற்றியவர் ஓடினால் காற்று விசிறி இன்னும் பற்றும். தரையில் படுக்க வைத்து உருட்டி, போர்வையோ கனத்த பருத்தித் துணியோ போர்த்தி அமுக்க வேண்டும்.

நம் மண்ணின் பெரிய தீ விபத்துகளைத் திரும்பிப் பார்த்தால் கீற்றும் பந்தலும் குறுகலான வாசலும் திரும்பத் திரும்ப வருகின்றன. 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலை. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபம். அதே ஆண்டு ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைக் கொன்ற கும்பகோணம் பள்ளி. இவற்றில் எதிலும் தீ பற்றிய பிறகு தன்னார்வலரால் பெரிதாக மாற்றியிருக்க முடியாது. பந்தல் போடும் அன்றைக்கு 'இன்னொரு வாசல் எங்கே?' என்று ஒருவர் கேட்டிருந்தால் மாறியிருக்கலாம். ஊர்த் திருவிழாவில் தன்னார்வலர் செய்யக்கூடிய மிகப் பெரிய தீயணைப்பு வேலை, விழா தொடங்கும் முன்பு பந்தலைச் சுற்றி ஒரு நடை நடப்பது.

உடல்: சில கைவேலைகள்

இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தும் முறையை 1960-இல் பால்டிமோரில் கவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர் எழுதினார்கள். அந்தக் கட்டுரையின் சாரமே, இதைச் செய்ய இரண்டு கைகள் போதும் என்பதுதான். அதற்குமுன் மார்பைப் பிளந்து இதயத்தைக் கையால் பிசைந்தார்கள். இன்று விதி எளிது: கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு இல்லை அல்லது தூண்டில் மீன் போல வாயைத் திறந்து திறந்து மூடுகிறார் என்றால், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடியை வைத்து, முழங்கை மடங்காமல், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுக்க மேலே எழ வேண்டும். திணறித் திணறி வரும் அந்த மூச்சை 'மூச்சு இருக்கிறது' என்று நம்பிச் சும்மா இருப்பதால் போகும் உயிர்கள் ஏராளம். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், ஆகவே ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும். மார்பழுத்தமும் இல்லாமல் மின்அதிர்ச்சிக் கருவி வரத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. சென்னையில் விமான நிலையத்திலும் பெரிய கட்டடங்கள் சிலவற்றிலும் அந்தக் கருவியைப் பார்க்கலாம். பேருந்து நிலையத்தில் தேடினால் கிடைப்பது அரிது.

வாயோடு வாய் வைத்து ஊதுவதா வேண்டாமா என்பது நீண்ட விவாதம். 2008-இல் அமெரிக்க இதய சங்கம், பெரியவர் ஒருவர் கண்ணெதிரே சரிந்தால் பயிற்சி இல்லாதவர் மார்பழுத்தம் மட்டும் செய்யலாம் என்றது. இந்தியாவின் மயக்கவியல் மருத்துவர்கள் 2017-இல் பொதுமக்களுக்காக வகுத்த முறையும் அழுத்தம் மட்டுமே உடையது. நம் ஊருக்கு இது பொருத்தமான முடிவு. அந்நியர் வாயில் வாய் வைக்கத் தயங்கி ஒன்றுமே செய்யாமல் நிற்பதைவிட அழுத்துவது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் இந்த எளிமைக்கு ஒரு விலை இருக்கிறது. நீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இதயம் நிற்பது மூச்சு நின்றதால். அவர்களுக்குக் காற்று கொடுத்தே ஆக வேண்டும். ஏரியும் குளமும் கிணறும் நிறைந்த மாவட்டங்களில் பயிற்சி கொடுப்பவர்கள் இந்த விதிவிலக்கைச் சொல்லாமல் விடுவது பெரும் பிழை. மூழ்கியவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதோ தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதோ வேண்டாம். வயிற்றிலிருப்பது நுரையீரலுக்குள் போவதுதான் மிச்சம்.

அடுத்து ரத்தம். 2022-இல் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 17,900 பேர். காயத்தில் சுத்தமான துணியை வைத்து, உடல் எடையையும் சேர்த்து, விடாமல் அழுத்துவதே முதல் மருந்து. நிமிடத்துக்கொரு முறை தூக்கிப் பார்ப்பவர்கள் உறைந்ததைக் கலைத்துவிடுகிறார்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைக்க வேண்டும். கை அல்லது காலில் ரத்தம் பீறிட்டு, அழுத்தியும் நிற்கவில்லை என்றால் கட்டுப்போட வேண்டும். காயத்துக்கு மேலே 5 முதல் 7 சென்டிமீட்டர், மூட்டின் மேல் இல்லாமல், அகலமான துணியில் ஒரு குச்சியைச் சொருகி முறுக்கி, ரத்தம் நிற்கும்வரை. கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். ஒரு காலத்தில் இந்தக் கட்டை மருத்துவ உலகமே ஒதுக்கி வைத்திருந்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் இதனால் பிழைத்தபின் மீண்டும் வந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்ந்தால் கால் போய்விடும் என்ற பயம் பெரும்பாலும் வீண்.

இதே கட்டைப் பாம்புக் கடிக்குப் போடக் கூடாது. இந்தியாவில் பாம்புக் கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறக்கிறார்கள் என்று 2020-இல் வந்த ஆய்வு கணித்தது. நம் கிராமங்களில் பாம்பு கடித்ததும் கை தானாகவே கயிற்றைத் தேடும். இறுகக் கட்டிய கயிறு விஷத்தை நிறுத்தாது. கண்ணாடி விரியன் போன்றவற்றின் விஷம் திசுவை அரிக்கும் வகை, அது ஓரிடத்திலேயே தேங்கிக் காலை அழுகச் செய்யும். மருத்துவமனையில் கயிற்றை அவிழ்த்த கணத்தில் எல்லாம் ஒன்றாக உடலுக்குள் பாயும். கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை, பார்வை பார்ப்பது எல்லாம் நேரத்தை விழுங்குகின்றன. ஆளை நடக்க விடாமல், கடித்த காலை முறிந்த எலும்புக்குக் கட்டுவது போல மட்டையில் கட்டி அசையாமல் வைத்து, மோதிரம் மெட்டி கொலுசைக் கழற்றி, விஷமுறிவு ஊசி இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. அவ்வளவுதான் முதலுதவி. பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. இந்தியாவில் கிடைக்கும் ஊசி நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துத்தான் தயாராகிறது. கட்டுவிரியன் தந்திரக்காரன். இரவில் பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலி இருக்காது, தடமும் தெரியாது. விடியலில் வயிற்று வலி என்பார், இமை தானாக மூடும், பேச்சு குழறும். தரையில் படுத்தவருக்கு இப்படி நேர்ந்தால் கடிவாயைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

தீக்காயத்துக்கு ஓடும் சாதாரணத் தண்ணீர், 20 நிமிடம். பற்பசை, மை, இட்லி மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணிக்காமல், வாயில் கரண்டியை நுழைக்காமல், சுற்றியிருப்பதை அகற்றி, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். பூச்சிமருந்து குடித்தவருக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது இன்றும் நடக்கிறது. அது நுரையீரலுக்குள் இறங்கிக் கொல்லும். அந்த மருந்து தோல் வழியாகவும் ஏறும், தூக்குபவர் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ள வேண்டும். பாட்டிலை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும். வண்டியிலிருந்து விழுந்தவரை நாலு பேர் நாலு பக்கம் இழுத்து ஆட்டோவில் மடித்துப் போடுவதில் முதுகெலும்பு போய்விடுகிறது. வண்டி எரிகிறது, நடுச் சாலையில் கிடக்கிறார் என்பது போன்ற உடனடி ஆபத்து இல்லாவிட்டால், தலையை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டு 108-க்குக் காத்திருப்பது நல்லது. சோடா வாங்கிக் கொடுக்கும் அன்பும் வேண்டாம். பத்துப் பேர் விழுந்து கிடக்கும் இடத்தில் அலறுகிறவரிடம்தான் எல்லோரும் ஓடுவார்கள். அலறுகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போக வேண்டும்.

சட்டமும் பயிற்சியும்

உதவினால் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டும் என்ற பயம் நம்மிடையே ஆழமாக ஊறியது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், விபத்தில் உதவுகிறவரைப் பெயர் சொல்லவோ சாட்சியாக வரவோ கட்டாயப்படுத்தக் கூடாது என்ற விதிமுறைகளுக்குச் சட்ட வலிமை கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாக அது நுழைந்தது. நல்லெண்ணத்தோடு செய்த உதவியில் தவறு நேர்ந்தாலும் வழக்கு இல்லை. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை, இலவசம். காசு யார் கட்டுவது என்ற தயக்கத்துக்கும் இது பதில். சட்டம் வந்துவிட்டது. டீக்கடை வாசலில் இதைப் பற்றிக் கேட்டால் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது என்பது என் அனுபவம்.

பயிற்சியில் நிலைமை வேறு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் தொடங்கிய 'ஆப்த மித்ரா' திட்டம், பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர் என்ற இலக்கோடு விரிந்தது. பன்னிரண்டு நாள் பயிற்சி, ஒரு பை நிறைய உபகரணம், குழுக் காப்பீடு. நல்ல திட்டம். பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு என்ன என்பதுதான் கேள்வி. மார்பழுத்தத் திறன் பழகாவிட்டால் மூன்று முதல் ஆறு மாதத்தில் மங்கத் தொடங்கும் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆகவே பன்னிரண்டு நாளை ஒரே மூச்சில் கொடுப்பதைவிட, ஐந்து நாள் கொடுத்துவிட்டு மூன்று மாதத்துக்கொரு முறை இரண்டு மணி நேரம் பழக வைப்பது மேல் என்பேன். அதற்கு மாநாட்டு மண்டபம் தேவையில்லை. ஒரு பொம்மை, நாலு துணிச் சுருள், நனைத்த சாக்கு, கூட்டுறவுச் சங்கத் திண்ணை.

தன்னார்வத்தை நம்பியே தீயணைப்பை நடத்தும் நாடுகள் இதை ஏற்கெனவே கண்டுகொண்டன. சிலியில் தீயணைப்பே தன்னார்வலர் வசம், 1851-இல் வால்பரைசோவில் தொடங்கியது. ஜெர்மனியில் தீயணைப்புப் படையினரில் பெரும்பான்மையோர் சம்பளமில்லாதவர்கள். ஆனால் பயிற்சிக்கும் அழைப்புக்கும் போகும் நேரத்தில் முதலாளி விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும், அந்த நேரத்துக் கூலியை முதலாளிக்கு ஊராட்சி ஈடுகட்டும். அமெரிக்காவில் பணியில் இறக்கும் தன்னார்வத் தீயணைப்பாளர் குடும்பத்துக்கும் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் உதவித்தொகை உண்டு. நம் ஊரில் மாவட்ட நிர்வாகத்தின் முதல்நிலை மீட்பாளர் பட்டியலில் பெயர் இருக்கும் மேஸ்திரி, பயிற்சிக்குப் போனால் அன்றைய கூலியை இழக்கிறார். அவர் இரண்டாவது முறை வரவில்லை என்று அதிகாரிகள் குறைபட்டுக்கொள்வதில் நியாயமில்லை.

காலம் குறிப்பதிலும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தீயணைப்புப் பணி வாரம் ஏப்ரல் 14-இல் தொடங்குகிறது. அன்று தமிழ்ப் புத்தாண்டு, அலுவலகமும் பள்ளியும் விடுமுறை, அந்த வாரம் முழுக்கத் தேர்வுக் காய்ச்சல். செயல்விளக்கத்தைப் பார்க்க வருவது சிறு கூட்டம். கடைத்தெருவில் பட்டாசுக் கடைகள் முளைப்பது தீபாவளிக்கு முந்தைய வாரங்களில். வடகிழக்குப் பருவமழையும் அறுந்த மின்கம்பிகளும் ஏறக்குறைய அதே நாட்களில் வருகின்றன. பம்பாய்க் கப்பலின் நினைவு ஏப்ரலிலேயே இருக்கட்டும். சாக்கை நனைத்துக் காட்டும் வேலையை இன்னொரு முறை புரட்டாசியிலும் வைத்துக்கொள்ளலாம்.